முதலில் இடம், பிறகு வண்டி: இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்குக்கு முதல் ஆர்.வி. பயணம்

ஊரிலிருந்து அப்பா அம்மா டெக்சஸ் வந்திருந்தபோதுதான் நாங்கள் முதன்முதலாக ஆர்.வி., அதாவது கட்டில், சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, வாடகைக்கு எடுத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. டென்ட்டில் தரையில் படுத்து எழுவதும், ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு நடப்பதும் அவரால் ஆகாது. கட்டிலும் கழிப்பறையும் கூடவே வந்தால் ஏரிக்கரையில் இரண்டு நாள் இருக்கலாமே என்று தோன்றியது.

ஆனால் தொடங்கிய இடம் தப்பு. முதலில் வண்டியைப் பிடித்து முன்பணம் கட்டிவிட்டோம். பிறகு பார்த்தால், அந்த 31 அடி வண்டி நிற்கும் அளவுக்கு நீளமான தளம் (பார்க்கில் வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) ஒன்றுகூட அந்த வாரக்கடைசியில் காலியாக இல்லை. தேதியை மாற்றி, வண்டியையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் கீழே உள்ள வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: தளத்தைப் பிடியுங்கள்

ஆஸ்டினிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டினால் இங்க்ஸ் லேக். பர்னெட் ஊரைத் தாண்டி 29ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே 9 மைல் போய், பார்க் ரோடு 4-இல் திரும்ப வேண்டும். இளஞ்சிவப்புப் பாறைகள் ஏரிக்குள் இறங்கி நிற்கும். நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான பாறைகள் அவை. கரையில் இருந்து தூண்டில் போட டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் மீன்பிடி உரிமம் தேவையில்லை. அப்பாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் கேம்ப் தளங்களை 5 மாதம் முன்பே பதிவு செய்யலாம். மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் புளூபானெட் என்ற நீலக் காட்டுப்பூ பூக்கும் காலம். அந்த வாரக்கடைசிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனக்குப் பிடித்தது அக்டோபர் கடைசி, நவம்பர். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் முதல் பயணம் வேண்டவே வேண்டாம்.

பதிவுப் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தளத்தின் நீளம், மின்சாரம் 30 ஆம்பா 50 ஆம்பா, கழிவுநீர் இணைப்பு உண்டா இல்லையா. தண்ணீரும் கரண்டும் உள்ள தளமே போதும். இரண்டு இரவு என்றால் வண்டியின் கழிவுத் தொட்டிகள் தாங்கும். ஒரு தளத்தில் 8 பேர்தான் தங்கலாம்.

தளக் கட்டணம் வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. 12 வயது வரை குழந்தைகளுக்கு நுழைவு இலவசம். பெரியவர்கள் நாலைந்து பேர் வருகிறீர்கள், வருடத்தில் இன்னும் சில பார்க் போவீர்கள் என்றால் ஸ்டேட் பார்க் பாஸ் எடுத்துவிடுங்கள். ஒரே வண்டியில் வருகிற எல்லோருக்கும் நுழைவு அதிலேயே அடங்கும்.

படி 2: தளத்துக்கு ஏற்ற வண்டி

முதல் தடவைக்கு 25 அடி கிளாஸ் சி போதும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கட்டில் துருத்திக்கொண்டிருக்குமே, அந்த வகை. சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டலாம். பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தனி வித்தை. அதைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

வாடகையோடு மைல் கணக்கு, ஜெனரேட்டர் மணிக் கணக்கு, சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கார் இன்சூரன்ஸ் ஆர்.வி.க்கும் செல்லுமா என்று நீங்களே போன் போட்டு விசாரியுங்கள்.

வாடகை வண்டியைக் கையில் எடுக்கும்போது எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொல்லி வீடியோ எடுங்கள்: தண்ணீர் எங்கே இணைப்பது, கழிவு வால்வு எது, ஹீட்டர் எப்படி. ஏரிக்கரையில் இருட்டில் அந்த வீடியோதான் கைகொடுக்கும். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

படி 3: சமையலும் கரண்ட் கணக்கும்

நம் வீட்டு ஆட்கள் தடுக்கி விழும் இடம் இது. 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்ஸ். ஏ.சி. ஏறக்குறைய 13 ஆம்ப் இழுக்கும், மைக்ரோவேவ் இன்னொரு 13. அதோடு மின்சார வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் 30-ஐத் தாண்டிவிடும், பிரேக்கர் விழும். எங்களுக்கு முதல் ராத்திரியே விழுந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, அம்மா பாலை மைக்ரோவேவில் வைத்தார், நான் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டேன். எல்லாம் சட்டென்று அணைந்து, வெளியே தவளைச் சத்தம் மட்டும். பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: பெரிய சாமானில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஏ.சி. ஓடும்போது கேஸ் அடுப்பு.

துவையல், பொடி, புளிக்காய்ச்சல், அரைத்த மாவு எல்லாம் வீட்டிலேயே தயார் செய்துவிடுங்கள். தாளிப்பை வெளியே, மேசைமேல் சின்ன அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தாளித்தால் மெத்தை வரை வாசம் ஏறும். எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். வண்டி ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். முதல் நாளே போட்டு வைத்தால் தயிர் கெடாது.

படி 4: தளத்தில் நிறுத்துதல்

மதியம் 2 மணியிலிருந்து தளத்துக்குள் போகலாம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பார்க் ரோடு 4 வளைந்து ஏறி இறங்கும் சாலை.

ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் பாருங்கள், மேலேயும் பாருங்கள்: ஓக் மரக் கிளைகள். ஒருவர் பின்னால் நின்று கை காட்டட்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே பிரேக்.

பிறகு இந்த வரிசை: பலகை வைத்து வண்டியைச் சமமாக்குங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கரண்ட் கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டு வயரைச் செருகி, அப்புறம் போடுங்கள். தண்ணீருக்குக் குடிநீருக்கான வெள்ளை ஹோஸ், குழாயடியில் பிரஷர் ரெகுலேட்டர். கடைசியில் ஸ்லைடை, அதாவது உள்ளே இடம் கூட்ட வெளியே நகரும் பக்கச் சுவர்ப் பகுதியை, வெளியே தள்ளுங்கள்.

கேம்ப்ஃபயர் போடும் முன், தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பார்க்குக்குள் விறகு பொறுக்கக் கூடாது, வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

படி 5: கழிவுத் தொட்டியைக் காலி செய்தல்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிட வேலை. பிளாக் டேங்க் என்பது கழிப்பறைக் கழிவு, கிரே டேங்க் என்பது குளியல், சிங்க் தண்ணீர். இரண்டு நாளும் கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். தண்ணீர் குறைந்தால் கழிவு கட்டியாகி அடியில் தங்கிவிடும். ஆர்.வி.க்கான மெல்லிய காகிதம் மட்டும் போடுங்கள். ஈரத் துடைப்பான் ஒன்றுகூட வேண்டாம்.

கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில் (கழிவைக் கொட்டும் இடம்) கையுறை போட்டு, ஹோஸின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் தரைக் குழியிலும் இறுக்குங்கள். முதலில் பிளாக் வால்வு. சலசலப்பு நின்றதும் மூடுங்கள். அடுத்து கிரே, அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸை அலசிக்கொண்டு போகும். அங்கே இருக்கும் அலசும் குழாயில் குடிநீர் ஹோஸை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

நண்பகல் 12 மணிக்குத் தளத்தைக் காலி செய்ய வேண்டும். ஞாயிறு 11 மணிக்கு டம்ப் ஸ்டேஷனில் வரிசை நிற்கும், 9 மணிக்கே போய்விடுங்கள். நகர்த்தும் முன் வண்டியை ஒரு முறை சுற்றி வாருங்கள்: வயர் கழன்றதா, படிக்கட்டு மடிந்ததா, கூரைத் திறப்பு மூடியதா, கட்டைகளை எடுத்தாயிற்றா. நாங்கள் சுற்றி வரும்போது அப்பாவின் தூண்டில் பின் பம்பரில் சாய்ந்தபடி இருந்தது.