பம்பை இறக்கும் முன் காற்றைத் தேடுங்கள்: பழைய டீசல் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பம்ப் முடிஞ்சிருச்சி அண்ணே, எறக்கணும்."

இலங்கை மலைநாட்டில் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன். என்னுடையது 2சீ எஞ்சின் உள்ள கொரோலா. காலையில் நெடுநேரம் செல்ப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால்தான் எஞ்சின் பிடிக்கும். பிடித்துவிட்டால் அன்று முழுக்கக் குறையில்லாமல் ஓடும். கராஜில் ஐந்து நிமிடம் பார்த்தார்கள், டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பை இறக்கினார்கள், அதைத் திருத்தும் பம்ப் ரூமுக்கு அனுப்பினார்கள். சீல் எல்லாம் மாற்றி மூன்று கிழமை கழித்துப் பூட்டித் தந்தார்கள். மறுநாள் விடிய அதே குறை, அதே இழுபறி.

கண்டுபிடித்தவர் என் மாமா. முப்பது வருஷம் மரக்கறி லொறி ஓட்டியவர். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நொசில்களின் தலையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஓடி, மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸ் இருக்கிறதே, பென்சில் தடிப்புக்கூட இல்லாத, மேலே துணி பின்னிய ரப்பர், அதன் நுனியை விரலால் மெல்ல வளைத்தார். மயிர் பிளந்தாற்போல ஒரு வெடிப்பு வாய் திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. "ஒழுகவே இல்லையே மாமா" என்றேன். "ஒழுகலன்னா லீக் இல்லன்னு யாரு சொன்னா? இது வெளிய துப்பாது மருமகனே, உள்ள உறிஞ்சும்" என்றார்.

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பொனட்டைத் திறந்து பார்க்கிறார்கள், கீழே சொட்டு இல்லை, 'லீக் இல்லை' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த வகைக் கார்கள் பலவற்றில் டாங்கிலிருந்து டீசலைத் தள்ளித்தர வேறு பம்ப் கிடையாது. இன்ஜெக்ஷன் பம்பே தன் உள்ளிருக்கும் சிறு விசிறியால் டாங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே டாங்கிலிருந்து பம்ப் வாய் வரையுள்ள பைப், ஹோஸ், பில்டர் எல்லாமே எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சின் நின்ற பிறகு அதே ஓட்டை வழியாகவோ ரிட்டர்ன் ஹோஸின் வெடிப்பு வழியாகவோ காற்று நுழைய, பைப்பில் நின்ற டீசல் மெல்லப் பின்வாங்கி டாங்குக்கே திரும்பிவிடும்.

இது மலையில் இன்னும் மோசமாவதற்குக் காரணம் உண்டு. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) போகும் ஏற்றத்திலோ வீட்டு முற்றத்துச் சரிவிலோ மூக்கு மேலே பார்க்க காரை நிறுத்துகிறோம். டாங்க் பின்னால், பள்ளத்தில். இரவு முழுக்க டீசல் இறங்கிப்போக அதைவிட நல்ல வசதி வேண்டியதில்லை. கொழும்பில் சமதரையில் நின்றபோது காலையில் ஒரே அடியில் பிடித்த கார், அட்டனுக்கு வந்ததும் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். குளிரின் மேல் பழியைப் போட்டு, ஸ்டார்ட்டுக்குச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றிவிடுவார்கள்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரு இரவு காரைத் திருப்பி, மூக்கு பள்ளம் பார்க்க நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம். காலையில் சட்டென்று பிடித்தால் தேட வேண்டியது காற்றை, பம்பை அல்ல. மறுபடி மூக்கு மேலே நிறுத்திய காலையில் செல்ப் அடிக்கும் முன் பில்டரின் தலையிலுள்ள கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்து, இருபது முப்பது அழுத்தலுக்குப் பிறகு கல் மாதிரி இறுகி, அதன்பின் எஞ்சின் ஒரே அடியில் பிடித்தால் சந்தேகம் உறுதி.

எங்கிருந்து காற்று வருகிறது என்று பார்க்க, பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் கறுப்பு ஹோஸைக் கழற்றி, டீசல் தாங்கும் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டைத் தற்காலிகமாகப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது அதற்குள் பாருங்கள். பிடித்தவுடன் இரண்டொரு குமிழி போனால் பரவாயில்லை. மணிமாலை கோர்த்தாற்போல விடாமல் போனால் பில்டரிலோ அதற்கும் டாங்குக்கும் இடையிலோ எங்கோ காற்று நுழைகிறது. குமிழியே இல்லை என்றால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ரிட்டர்ன் ஹோஸ்களைப் பாருங்கள். மாற்றும்போது வெடித்த துண்டை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே வயசு ரப்பர் எல்லாம் அடுத்தடுத்து வெடிக்கும். மீட்டர் கணக்கில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டுவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

பில்டர் மாற்றிய பிறகு இந்தக் குறை தொடங்கினால் பில்டரைக் கழற்றி மேலே, அது பூட்டும் வாயைத் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதியதன் வளையமும் சேர்ந்து இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் அது காற்றை விடும். பைப் போல்ட்டின் செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் போடுவதும் இதே வகைத் தவறு. புது பில்டரைக் கானிலிருந்து ஊற்றி நிரப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த டீசல் வடிகட்டாதது, நடுத்துளை வழியே ஊற்றினால் தூசு நேராகப் பம்புக்குப் போகும். கைப்பம்பால் நிரப்புவதே நல்லது, கை வலித்தாலும்.

காற்றை எடுக்க நொசில் பைப்பின் நட்டைத் தளர்த்திச் செல்ப் அடிப்பது பழைய பழக்கம். இந்தப் பழைய எஞ்சின்களில் அரைச்சுற்று தளர்த்தி, மேலே தடித்த துணி போட்டுச் செய்யலாம். ஆனால் கையை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். நொசிலில் டீசல் நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே நிற்கிறது. அந்த வேகத்தில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் வீட்டில் மருந்து தடவிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'அழுத்தத்தோடு டீசல் உள்ளே போனது' என்று சொல்லியே காட்டுங்கள். கொமன் ரெயில் வந்த பிந்திய கார்களில் இந்த நட்டைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் பல மடங்கு.

பிடிக்காத எஞ்சினில் சைலன்சரைப் பார்க்காமல் பொனட்டுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லி நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், அதன் ரிலே, அல்லது கொம்பிரெஷன் பக்கம் தேடுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவே இல்லை. அப்போது பம்பின் மேல், டீசலைத் திறந்து அடைக்கும் கட்-ஓஃப் சொலினாய்டுக்குக் காதைக் கொடுத்து, சாவியைப் போடச் சொல்லுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ் அல்லது அந்த வயர் கழன்றிருக்கலாம். வயர் கழன்றதற்காகப் பம்ப் இறக்கிய கதையும் எனக்குத் தெரியும்.

சமதரையில் நன்றாக ஓடி, ரம்பொடை ஏற்றத்தில் மட்டும் இழுவை விடும் கார் வேறு கதை. அங்கே குறை காற்றல்ல, அடைப்பு. பில்டரை எல்லோரும் மாற்றுவார்கள். டாங்குக்குள் உறிஞ்சும் குழாயின் நுனியிலுள்ள சல்லடையை யாரும் நினைப்பதில்லை. டாங்க் மூடியின் மூச்சுத்துளை அடைத்தாலும் இதே குறை வரும். இழுவை விட்டதும் நிறுத்தி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடிதான் குற்றவாளி. டாங்கின் அடியில் கொஞ்சம் டீசலை வைத்துக்கொண்டே ஓடுகிறவர்களுக்கு, செங்குத்தான வளைவில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றையும் அடிச்சேற்றையும் உறிஞ்சும். கால் டாங்குக்குக் கீழே விடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடியின் ரப்பர் தேய்ந்தால் அந்த வழியே போகும். 2022இல் எரிபொருள் செட்டுகளில் நாட்கணக்காக வரிசையில் நின்ற அனுபவத்துக்குப் பிறகு கானிலும் பழைய பீப்பாயிலும் டீசல் சேர்த்துவைக்கும் பழக்கம் பலருக்கு விடவில்லை. பீப்பாய்க்குள் இரவுப் பனியில் நீர் வியர்க்கும். டீசலும் நீரும் சந்திக்கும் கோட்டில் கறுத்த வழுவழுப்பாகப் பூஞ்சணமும் நுண்கிருமியும் வளர்ந்து, மாற்றிய பில்டரை ஒரு மாதத்தில் அடைக்கும். சேர்த்துவைத்த டீசலை ஊற்றுமுன் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் வேறாகக் கோடு கட்டினால் அது உங்கள் காருக்கல்ல. பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி மாதம் ஒரு தடவை தண்ணீர் இறக்குங்கள், மழைக்காலத்தில் இரண்டு தடவை. இறக்கியதைத் தயவுசெய்து வடிகானில் ஊற்றிவிடாதீர்கள். கீழ் லயத்துப் பீலிக்கு அந்தத் தண்ணீர்தான் போகிறது. போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள்.

மண்ணெண்ணெய் கலப்பதை நான் மன்னிக்க மாட்டேன். 2022 ஆகஸ்ட்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறும்வரை அது டீசலைவிட மிக மலிவு. கலந்தவர்கள் பலர். இந்தப் பம்புக்குள் எஞ்சின் ஒயில் போவதில்லை, டீசலே அதற்கு எண்ணெய்ப் பசை. உள்ளே ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, மயிரிழையைப் பத்தாகப் பிளந்தாலும் அதைவிடச் சிறியது. பசை குறைந்த மண்ணெண்ணெய் அங்கே இரும்போடு இரும்பை உரச விடுகிறது. மிச்சம் பிடித்த காசு பம்ப் ரூமுக்குப் போகும்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத கார் அங்கே கொஞ்சம் சோர்வதும், ஏற்றத்தில் கொஞ்சம் கறுப்புப் புகை விடுவதும் இயல்பு. அதற்காகப் பம்பின் பின்னாலுள்ள திருகைத் திருகி டீசலைக் கூட்டினால், எரியக் காற்றில்லாத டீசல் புகையாகத்தான் போகும், எஞ்சினும் சூடேறும்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் அது நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைக்கும். பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதை வாடிக்கையாக்காதீர்கள். பிரேக்குக்குத் துணைபோகும் வெக்கியூமை எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் உண்டாக்கும். பிடிக்காமல் உருண்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும் தவறுதான். கியரில் இருக்கும்போது அக்சிலேட்டரை விட்டுக் காலை எடுத்தால் பம்பே டீசலை நிறுத்திவிடுகிறது, நியூட்ரலிலோ எஞ்சின் தன்னைச் சுற்ற டீசல் குடிக்கும்.

பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. குளிரில் நன்றாகப் பிடிக்கும். நீண்ட ஏற்றம் ஏறி, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி, சூட்டோடு செல்ப் அடித்தால் பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளியால் நழுவிவிடுகிறது. பச்சைத் தண்ணீரைப் பம்பின் மேல் ஊற்றாதீர்கள், இறுகிவிடும். ஈரத்துணி ஒன்றைச் சுற்றி ஆறவிட்டுப் பாருங்கள். ஆறியதும் பிடித்தால் அப்போது இறக்குங்கள். பம்ப் ரூமில் டெஸ்ட் பெஞ்சில் போட்டு, ஒவ்வொரு நொசில் பைப்புக்கும் எவ்வளவு டீசல் வருகிறது என்று திருத்துமுன் ஒரு தடவையும் திருத்தியபின் ஒரு தடவையும் அளவுக் குழாய்களில் காட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.