ஸ்பேசரைத் துடைத்ததுதான் தப்பு

வீடு பினாங்கு ஆயர் ஈத்தாமில், படிவம் 4 படிக்கிறேன். மூன்று வாரமாக ராத்திரி இருமல். எனக்கு ஆஸ்துமா. தினசரி அடிக்கும் தடுப்பு இன்ஹேலரும், இளைப்பு வந்தால் அடிக்கும் நீல இன்ஹேலரும் ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) வழியாகத்தான், ஆனாலும் இளைப்பு அடங்கவில்லை. தலையணை உறையை வெந்நீரில் துவைத்தோம், புது இன்ஹேலர் வாங்கினோம். பலனில்லை.

அப்புறம் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் அக்கா, "ஸ்பேசரை எப்படித் தம்பி கழுவுறே?" என்று கேட்டார். கழுவியதும் துணியால் பளபளவென்று துடைப்பேன் என்றேன். அங்கேதான் கோளாறு. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். மருந்து உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குக் குறைவாகவே போகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே மெல்லிய வெள்ளைப் படலம்.

இப்போது மாதம் ஒரு முறை, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கிறேன். வாய் வைக்கும் பகுதியை மட்டும் அலசிவிட்டு, துடைக்காமல் தானாகக் காயவிடுகிறேன். இரண்டு வாரத்தில் ராத்திரி இருமல் நின்றது. அம்மாவும் நிம்மதியாகத் தூங்குகிறார்.