கனடாவில் கைக்குழந்தைக்கு வைட்டமின் டி: புதிதாக வரும் குடும்பங்களுக்கு

கைக்குழந்தையோடு டொராண்டோ, பிராம்டன் பக்கம் வந்திறங்கியிருக்கிறீர்களா? அல்லது பிரசவமே இங்கேதானா? ஹெல்த் கார்டு, குடும்ப டாக்டர், தடுப்பூசி என்று ஓடுகிற ஓட்டத்தில் பல வீடுகளில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 ஐ.யூ., அதாவது 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு கொடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே தொடங்க வேண்டும். நல்ல எடையோடு பிறந்து, நன்றாகப் பால் குடித்து, சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா இதைச் சொல்கிறது.

ஊரில் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியதும் சற்று நேரம் வெயில் காட்டுவார்கள். இங்கே அதை நம்பி இருக்க முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை டொராண்டோவில் சூரியன் தாழ்வாகவே நகரும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் அந்த மாதங்களில் தரைக்கு வந்து சேர்வது மிகமிகக் குறைவு. எட்மண்டன் போன்ற வடக்கு ஊர்களில் இந்தக் காலம் அக்டோபரிலேயே தொடங்கி மார்ச் வரை நீளும். ஜன்னலோரம் படுக்கவைத்தாலும் பயனில்லை. கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும், உள்ளே வருவது வெளிச்சமும் சூடும்தான். நம்முடைய கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் தேவை. கோடையில் ஈடுகட்டிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் நேர் வெயிலே வேண்டாம் என்பதுதான் இங்கே குழந்தை மருத்துவர்கள் தரும் அறிவுரை.

சூப்பர் விசாவில் வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ, "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்து?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை, அதை நிறுத்தவே கூடாது. ஆனால் அதில் வைட்டமின் டி மட்டும் மிகக் குறைவு. அம்மா தினமும் சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டாலும், குழந்தைக்குப் போதுமான அளவு பாலில் வந்துவிடாது. கர்ப்பத்தில் அம்மாவுக்கே குறைவாக இருந்தால் குழந்தை அந்தக் குறையோடுதான் பிறக்கும். நம் பெண்கள் பலருக்கு அப்படி இருக்கிறது.

2002 முதல் 2004 வரை கனடா முழுவதும் குழந்தை மருத்துவர்களிடம் கேட்டுத் திரட்டிய ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. வைட்டமின் டி குறைவால் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் வந்த 104 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 94 சதவீதம் பேர் தாய்ப்பால் குடித்தவர்கள். 89 சதவீதம் பேர் மாநிறமோ கறுப்போ ஆனவர்கள். பிறந்தது முதல் தினமும் 400 ஐ.யூ. ஒழுங்காகக் கொடுக்கப்பட்ட தாய்ப்பால் குழந்தை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? குறைபாடு வெளியே தெரியாமலும் இருக்கும். 2008-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில், ஆரோக்கியமானவை என்று கருதப்பட்ட 365 குழந்தைகளில் 44 பேருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி போதவில்லை.

சொட்டு வாங்க டாக்டர் சீட்டு வேண்டாம். ஷாப்பர்ஸ், வால்மார்ட், காஸ்ட்கோ எல்லாவற்றிலும் கிடைக்கும். கைக்குழந்தைக்கானது என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். ஹெல்த் கனடா அனுமதித்த பொருள் என்பதைக் காட்டும் எட்டு இலக்க என்.பி.என். (NPN) எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். சைவக் குடும்பங்கள் மீன் எண்ணெயோ என்று தயங்குவதுண்டு. சொட்டில் இருக்கும் வைட்டமின் டி வகையான டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுகிறது. அதுவும் வேண்டாம் என்றால் பாசியிலிருந்து எடுத்தது இருக்கிறதா என்று பார்மசிஸ்டிடம் கேளுங்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு கம்பெனியின் பாட்டிலில் ஒரே ஒரு சொட்டில் 400 ஐ.யூ. இருக்கும். இன்னொன்றில் ஒரு மில்லி முழுவதற்கும் சேர்த்து 400 ஐ.யூ. முதல் வகையை ஒரு மில்லி என்று கொடுத்துவிட்டால் பல ஆயிரம் ஐ.யூ. உள்ளே போய்விடும். ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கு ஒரு நாள் உச்ச வரம்பே 1,000 ஐ.யூ. தான். அளவு மீறிப்போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். ஒரு பாட்டிலோடு வந்த டிராப்பரை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டி3 டிராப்ஸின் அளவு வேறாக இருக்கலாம், பார்மசிஸ்டிடம் காட்டாமல் திறக்க வேண்டாம். பெரியவர்கள் வாரம் ஒருமுறை போடும் 60,000 ஐ.யூ. பாக்கெட்டும் மாத்திரையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தவறி அதிகம் கொடுத்துவிட்டால் பாய்சன் சென்டருக்கு உடனே போன் செய்யுங்கள்: 1-844-764-7669. சாதாரணச் சந்தேகங்களுக்கு ஒன்டாரியோவில் 811 போதும், எந்நேரமும் நர்ஸ் பேசுவார்.

கொடுப்பது சுலபம். ஒற்றைச் சொட்டு வகை என்றால் மார்புக்காம்பிலோ சுத்தமான விரலிலோ விட்டுச் சப்பக் கொடுக்கலாம். மில்லி கணக்கு என்றால் கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம்.

முழுக்க ஃபார்முலா, அதாவது டப்பாப் பால் குடிக்கும் குழந்தைக்குப் பொதுவாகத் தனியாக வேண்டியதில்லை, ஃபார்முலாவிலேயே சேர்த்திருக்கிறார்கள். பாதி தாய்ப்பால், பாதி ஃபார்முலா என்றால் சொட்டு கொடுங்கள். தாய்ப்பால் தொடரும்வரை இரண்டு வயது வரைக்கும் இது உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இன்னும் வடக்கே குடியேறுபவர்களுக்கும் அளவு மாறலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டு தடித்திருந்தாலோ, நடக்கத் தொடங்கியபின் கால் வளைந்து தெரிந்தாலோ, பல் முளைப்பதும் நடப்பதும் மிகவும் தாமதமானாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கால்சியம் இறங்கிக் கைக்குழந்தைக்கு வலிப்பு வருவதும் உண்டு. அப்போது காத்திருக்காமல் 911-ஐ அழையுங்கள்.