மலிவான மசில்லோடர் ரைஃபிள்: காசைக் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் பழைய சாமான் சந்தை, அடகுக் கடை, துப்பாக்கிக் கண்காட்சி என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் பித்தளைப் பூண் போட்ட எண்கோணக் குழல் ரைஃபிள் ஒன்று சாய்ந்து நிற்கும். குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் அழுத்திச் சுடுகிற வகை, அதுதான் மசில்லோடர். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியும் இதே சங்கதிதான், ஆனால் இதன் குழலுக்குள் புரி, அதாவது சுழல் பள்ளம், வெட்டியிருக்கும். விற்பவர் "தாத்தா காலத்து ஹாக்கன்" என்பார். செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் செய்த அசல் அவ்வளவு சுலபமாகச் சந்தை மூலைக்கு வராது. நிற்பது பெரும்பாலும் 1970-களிலோ அதற்குப் பிறகோ செய்த நகல், பல ஸ்பெயினிலும் இத்தாலியிலும் செய்து இறக்குமதியானவை. அதில் தப்பில்லை, நன்றாகவே சுடும், விலைதான் நகலுக்கான விலையாக இருக்க வேண்டும்.

நான் முதலில் வாங்கியது பித்தளை பளபளத்த ஒன்று. 150 டாலர் கொடுத்தேன், குழலுக்குள் பார்க்கவே இல்லை. இன்று அது சுவரில் தொங்குகிறது, வேறு எதற்கும் ஆகாது.

முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், யாரோ எப்போதோ கெட்டித்த மருந்தும் குண்டும் பல வருடம் அப்படியே கிடப்பதுண்டு. குழலுக்கு அடியில் செருகியிருக்கும் கோலை உருவி, வாய் வழியே முட்டும் வரை மெதுவாக விடுங்கள், முகத்தைக் குழலுக்கு நேரே நீட்டாமல். வாய் மட்டத்தில் கோலில் விரலை வைத்துப் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி நிப்பிள் (கேப் என்கிற பொறி மூடியை மாட்டுகிற சின்ன முனை; தீக்கல் பொறியில் சுடும் பிளின்ட்லாக் என்றால் குழலின் பக்கத்துத் துளை) அருகே வர வேண்டும். குழலின் அடிப்பாகம் சிலவற்றில் குறுகலாக இருப்பதால் கொஞ்சம் முன்னே நிற்கலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, கீழே வைத்துவிடுங்கள். அதை எடுப்பது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

அப்புறம் குழல். மொத்த விலையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. கருமருந்து எரிந்த கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கழுவாமல் வைத்தால் சில நாளிலேயே துரு பிடிக்கும், அதிலும் அடிப்பக்கம்தான் அதிகம் அரிக்கும், வாய்ப்பக்கத்தை மட்டும் பார்த்தால் புதுசு மாதிரியே தெரியும். குழலுக்குள் விடுகிற சின்ன விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். விற்பவர் சம்மதித்தால், இறுக்கமான துணித்துண்டு ஒன்றை எண்ணெயில் நனைத்துக் கோல் முனையில் மாட்டி மேலும் கீழும் ஓட்டுங்கள். ஒரே சீராக வழுக்கினால் சரி. ஓரிடத்தில் சொரசொரவென்று பிடித்தால், துணி நூல் நூலாகக் கிழிந்து வந்தால், அங்கே குழி விழுந்திருக்கிறது. லேசான பழுப்புத் துரு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். பார்க்கவே விடமாட்டேன் என்கிற ஆளிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து லாக், அதாவது சுத்தியலை இயக்கும் பொறி. நிப்பிளில் கேப் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சுத்தியலைப் பாதி தூரம் இழுங்கள், அந்த நிலையில் விசையை அழுத்தினால் விழக்கூடாது. விழுந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. முழுதும் இழுத்த நிலையில் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், நழுவக்கூடாது. இரட்டை விசை உள்ள சிலவற்றில் பின் விசையை இழுத்து க்ளிக் ஆன பிறகுதான் சுத்தியலே நிற்கும். இது தெரியாமல் பழுது என்று நினைத்து விற்பவர்களும் உண்டு, அந்த இடத்தில் உங்களுக்கு லாபம். வெறும் நிப்பிள் மேல் சுத்தியலை அடிக்க விடாதீர்கள், முனை நசுங்கும்.

கட்டையில் மணிக்கட்டு போல ஒல்லியாகிற இடத்தில் விரிசல் பாருங்கள். ஸ்பெயினில் செய்த கென்டக்கி (நீளக் குழல் பாணி) ரைஃபிள்களில் முன்கட்டை தனியாகச் செய்து நடுவே பித்தளைத் தகடு வைத்து ஒட்டியிருப்பார்கள், அது பழுதல்ல, ஆனால் மலிவுச் சரக்கு என்பதன் அடையாளம். மரத்துக்கும் பித்தளைக்கும் இடையே சந்து தெரிந்தால் யாரோ உதிரிகளாக வரும் கிட் வாங்கி வீட்டில் பூட்டியது. அதற்கு விலை குறையும்.

இப்போது முத்திரை. இத்தாலி என்றால் குழலில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுத்துகள் இருக்கும், அதுதான் வருடம்: 1974 வரை ரோமன் எண், 1975-க்கு ஏஏ, 1976-க்கு ஏபி என்று போகும். தாத்தா கதை அங்கே முடிந்துவிடும். சிவிஏ கம்பெனியின் இன்லைன் (பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னே இருக்கும் புது வகை) ரைஃபிள் என்றால் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் பாருங்கள், 95 அல்லது 96 என்றால் 1997-ல் திரும்பப் பெற அறிவித்த சரக்கு, இலவசமாகக் கிடைத்தாலும் சுடாதீர்கள். இந்தியாவில் செய்த பழைய பாணி மஸ்கெட்டுகளும் அங்கே வருகின்றன, அவற்றில் பலவும் மருந்துக்குத் தீ போகிற பக்கத்துத் துளை போடாமலே விற்கப்படுபவை. துளையை யாரோ பிறகு போட்டிருந்தால் யார் போட்டது என்று கேளுங்கள்.

விலை போடும்போது, கேட்கிற விலையைப் பார்க்காமல் ஏல தளங்களில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே தரத்தில் புதிது 350 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதுதான் உச்சம். நல்ல குழல் என்றால் நான் அதில் பாதி வரை போவேன். குழி விழுந்த குழல் என்றால் லாக், விசை, பித்தளை ஆகியவற்றின் உதிரி விலை மட்டும். நிப்பிள் மாற்ற வேண்டியிருந்தால் சில டாலர்தான், ஆனால் மரையை அளந்து வாங்குங்கள்: ஸ்பெயின் ரைஃபிள்களில் பெரும்பாலும் 6 மி.மீ. குறுக்களவு, 1 மி.மீ. மரை இடைவெளி, இத்தாலியில் பலவற்றுக்கு அந்த இடைவெளி 0.75. அமெரிக்கக் கால் அங்குல நிப்பிளை அதில் முறுக்கி மரையைக் கெடுத்து வைத்த ரைஃபிள்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதையும் கழற்றிப் பார்த்தே பேரம் பேசுங்கள்.

கடைசியாக, அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இந்த வகைக்குச் சலுகை உண்டு, ஆனால் மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி இதற்கும் லைசென்ஸ் வேண்டும், ஊருக்குக் கொண்டு போய் வரவேற்பறையில் மாட்டும் யோசனை வேண்டாம்.