தசைக் கலங்களுக்கு முதலில் பசி எடுக்க வேண்டும்: இன்சுலின், ஐஜிஎஃப்-1 சோதனை

சி2சி12 என்னும் சுண்டெலித் தசை முன்னோடிக் கலங்களைக் கையில் எடுத்தபோது எனக்கு ஒரே ஆசைதான். இன்சுலினும், அதை ஒத்த வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1உம் தசைக்கு என்ன சொல்கின்றன என்பதை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் பட்டையாகக் காட்டும் முறை) கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் இன்சுலின் கொடுத்த குழியிலும் கொடுக்காத குழியிலும் பொஸ்பேற் ஏறிய ஏகேடியின் பட்டை ஒரே கருமை. (ஏகேடி இன்சுலினின் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் புரதம்; பொஸ்பேற் ஏறினால் விழிக்கும்.) பக்கத்தில் கேட்கவும் ஆளில்லை. விடை கிடைத்த பிறகு இதை எழுதுகிறேன். கலங்களை உருக்குவது, பிரித்து நடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வளர்ப்பு. டிஎம்இஎம் என்னும் வளர்ப்பு ஊடகம், 10 சதவீதம் கன்றுக் கருச் சீரம். பாத்திரத்தில் 70 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். நெருக்கம் கூடினால் சில கலங்கள் சொல்லாமலே இணைந்துவிடும்; இணைந்தவை மீண்டும் பெருகமாட்டா. எஞ்சுவது இணைய மறுக்கும் பரம்பரைதான்.

இரண்டாவது, தசையாக்கல். ஆறு குழித் தட்டு நிறைந்ததும் 2 சதவீதக் குதிரைச் சீரத்துக்கு மாறுங்கள். மலிவுக்காகக் கன்றுச் சீரத்தையே குறைத்துப் போடுபவர்கள் உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன். அந்தச் சீரத்திலுள்ள எஃப்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் கலத்தைப் பெருகச் சொல்லி விரட்டிக்கொண்டேயிருக்கும். அந்த விரட்டல் ஓய்ந்தால்தான் தசையாக்கலை நடத்தும் மயோஜெனின் புரதம் தலைகாட்டும். ஐஜிஎஃப் மட்டும் இரட்டைப் பேச்சுக்காரன்: கலத்துக்குள் ஈஆர்கே என்னும் செய்திப் பாதை வழியாகப் பெருகவும் சொல்லும், பிஐ3கே–ஏகேடி என்னும் பாதை வழியாகத் தசையாக மாறவும் சொல்லும். கலங்கள் தாமே ஐஜிஎஃப்-2ஐச் சுரந்து தம்மைத் தூண்டிக்கொள்வதும் உண்டு. நான்காம், ஐந்தாம் நாளில் நீண்ட தசைக்குழாய்கள் தெரியும்.

நான் விழுந்த இடம் இனிமேல்தான் வருகிறது. பல செய்முறைகள் இந்த ஊடகத்தில் மில்லிலீட்டருக்கு 10 மைக்ரோகிராம் இன்சுலின் சேர்க்கச் சொல்கின்றன. நானும் சேர்த்திருந்தேன். அது ஏறத்தாழ 1.7 மைக்ரோமோலர். நலமான ஒருவரின் இரத்தத்தில் சாப்பாட்டுக்குப் பிறகும் இன்சுலின் சாதாரணமாக ஒரு நானோமோலரை எட்டுவதில்லை. இத்தனை இருந்தால் இன்சுலின் தன் வாங்கியோடு (கலத்தின் மேல் செய்தியை ஏற்கும் புரதம்) நில்லாமல் ஐஜிஎஃப்-1இன் வாங்கியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நாள் அதில் ஊறிய கலத்துக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்து என்ன பயன்? கொத்து ரொட்டியை முட்ட முட்டத் தின்றவன் முன்னால் இன்னொரு தட்டை வைத்த கதைதான்.

ஆகவே சோதனைக்கு முதல் நாளே இன்சுலின் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். அன்றைய தினம் பிபிஎஸ் உப்புக் கரைசலால் இரண்டு முறை மெதுவாகக் கழுவி, சீரமே இல்லாத டிஎம்இஎம்மில் நான்கு மணித்தியாலம் விடுங்கள். இரவு முழுவதும் பட்டினி போட்டபோது என் குழாய்கள் தோல் உரிவதுபோல் கழன்று வந்தன. பிறகு ஒரு குழிக்கு 100 நானோமோலர் இன்சுலின், இன்னொன்றுக்கு மில்லிலீட்டருக்கு 50 நானோகிராம் ஐஜிஎஃப்-1, பத்து நிமிடம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழிக்கு எதுவும் கொடுக்காமல் விடுங்கள். மற்றொன்றுக்கு அரை மணி முன்பே பிஐ3கேயைத் தடுக்கும் வோர்ட்மானின் 100 நானோமோலர் கொடுத்து, பின்பு இன்சுலின். அதில் பட்டை மறைந்தால் செய்தி பிஐ3கே வழியாகத்தான் போகிறது.

பத்தாவது நிமிடம் தட்டு ஐஸ் மேல் இருக்க வேண்டும். எங்கள் ஐஸ் இயந்திரம் பழுதான அன்று வெள்ளவத்தையில் மீன் வியாபாரி ஒருவரிடம் வாங்கிவந்தேன். அறை முழுவதும் மணத்தாலும் பட்டை அழகாக வந்தது. கலத்தை உடைக்கும் கரைசலில் பொஸ்பற்றேஸ் (பொஸ்பேற்றைக் கழற்றும் நொதி) தடுப்பான் கட்டாயம். எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாதபடி மென்சவ்வை மூடப் பால்மா வேண்டாம், பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) போடுங்கள். பாலின் கேசீனே பொஸ்பேற் ஏறிய புரதம்; எதிர்ப்பொருளைக் குழப்பலாம். ஏகேடியில் பொஸ்பேற் ஏறும் இடமான செரின் 473இன் எதிர்ப்பொருளோடு மொத்த ஏகேடியையும் பாருங்கள்.

ஏகேடி விழித்தபின் வேலைகள் கிளை பிரியும். ஏஎஸ்160 என்னும் புரதம் வழியாக, குளுக்கோசைக் கடத்தும் குளூட்4 கலத்தின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை உள்ளே எடுக்கும். கிளைகோஜன் ஆக்கத்தைத் தடுக்கும் ஜிஎஸ்கே3 நொதி அடங்கிக் கிளைகோஜன் சேரும். மரபணுக்களை இயக்கும் ஃபாக்ஸ்ஓ புரதம் கருவுக்கு வெளியே தடுக்கப்படுவதால் தசையைக் கரைக்கும் அட்ரோஜின்-1 குறையும்.

பின்சேர்க்கை: பட்டை நன்றாக வந்தும் குளுக்கோசு உள்ளெடுப்பு ஏறவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். தவறு அவருடையதல்ல. சி2சி12இல் குளூட்4 குறைவு. அதற்கு எல்6 என்னும் எலித் தசைக் கலங்களே மேல்.

இன்னொருவருக்கு இரண்டு நாள் ஐஜிஎஃப்-1 கொடுத்தும் குழாய்கள் தடிக்கவில்லை. கலங்கள் சுரக்கும் பிணைப்புப் புரதங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதுண்டு. அவற்றிடம் எளிதில் அகப்படாத லாங் ஆர்3 என்னும் மாற்றியமைத்த ஐஜிஎஃப்-1 வகையை வாங்குங்கள். பத்து நிமிடச் சோதனைக்கு அந்தச் செலவு வேண்டாம்.