மேடையில் நட்சத்திரம், கையில் வாக்குச்சீட்டு: தென்னாப்பிரிக்கத் தமிழர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் கோயில் மண்டபங்களுக்குக் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். புரட்டாசி பூஜையோ காவடியோ, வந்தவருக்கு மாலை மரியாதை உண்டு. கூடவே ஒரு பாடகரோ, வானொலியில் கேட்டுப் பழகிய ஒரு குரலோ மேடை ஏறும். அதே வாரத்தில் சென்னை நடிகர் ஒருவரின் பேச்சும், ஜோகன்னஸ்பர்க் நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் கிண்டலும் கைபேசிக்கு வந்து சேரும். இவற்றையெல்லாம் கேட்காதீர்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. பாட்டுக்காகவும் நடிப்புக்காகவும் ஒருவர்மேல் வைத்த மதிப்பை, அவர் அரசியலில் சொல்லும் ஒவ்வொரு கூற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எந்தெந்த இடத்தில் கால் இடறுகிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டுக் கணக்கை இங்கே போடுவது

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. நடிகர் நின்றால் ஜெயிப்பார், ஜெயித்தால் ஆள்வார் என்ற நம்பிக்கை தமிழ்ப்படத்தோடு சேர்ந்தே நமக்கு வந்தது. எம்.ஜி.ஆர். 1972இல் கட்சி தொடங்கி 1977இல் முதலமைச்சர் ஆனது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சிவாஜி கணேசன் சொந்தக் கட்சி தொடங்கி, 1989இல் திருவையாறு தொகுதியில் தோற்றதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? படம் பார்க்கத் திரளும் கூட்டமெல்லாம் வாக்காக மாறாது என்பதைத் தமிழ்நாட்டிலேயே பார்த்தாயிற்று.

அதைவிடப் பெரிய வேறுபாடு தேர்தல் முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வாக்காளர் தம் தொகுதியில் நிற்கும் ஆளுக்கு வாக்களிக்கிறார். இங்கே தேசிய நாடாளுமன்றத்தின் 400 இடங்களும் விகிதாசார முறையில் நிரப்பப்படுகின்றன. தேசியச் சீட்டில் நாம் கோடு போடுவது கட்சிக்கு மட்டுமே. அந்தக் கட்சி யாரை அனுப்பும் என்பது அது முன்கூட்டியே கொடுத்த பட்டியலின் வரிசைப்படி முடிவாகும். அந்த வரிசையை வாக்காளர் மாற்ற முடியாது. 2024இல் பதிவான செல்லத்தக்க வாக்குகளை வைத்துப் பார்த்தால், ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 40,000 வாக்கு தேவை. ஒரு சின்னக் கட்சிக்கு மூன்று இடம் கிடைக்கும் என்றால் பட்டியலில் முதல் மூன்று பேர் போவார்கள். சுவரொட்டியில் பெரிதாகச் சிரிக்கும் பாடகர் பதினைந்தாவது இடத்தில் இருந்தால், அவருக்காக விழுந்த வாக்கு வேறொருவரை அனுப்பிவைக்கும்.

ஆகவே ஒரு நட்சத்திரம் ஒரு கட்சியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டதும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் எந்தப் பட்டியலில், எத்தனையாவது? வேட்பாளர் பட்டியல்களைத் தேர்தல் ஆணையமான ஐ.இ.சி. வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிடுகிறது. தேசியப் பட்டியல், மாகாணவாரியான பட்டியல் இரண்டையும் திறந்து பெயரைத் தேட ஐந்து நிமிடம் போதும். பட்டியல் வழியாக உள்ளே போன கலைஞர்களும் உண்டு: பாடகர் ரிங்கோ மட்லிங்கோசி 2019இல் எதிர்க்கட்சியான இ.எஃப்.எஃப். (பொருளாதாரச் சுதந்திரப் போராளிகள்) கட்சியின் உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். ஆனால் உள்ளே போனபின் கட்சியை விட்டு விலகினால் இடமும் போய்விடும். பதவியோடு கட்சி மாற இடம் கொடுத்த ஏற்பாடு 2009இல் நீக்கப்பட்டுவிட்டது. "அவர் யாருக்கும் தலைவணங்க மாட்டார்" என்று ரசிகர் சொல்லும்போது, அவர் அமரும் நாற்காலி கட்சியுடையது என்பதை மறக்கக் கூடாது.

வாக்குச்சீட்டே நம்மைத் திசைதிருப்பலாம். 2024 தேசியச் சீட்டில் 52 கட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர், சின்னம், கூடவே தலைவரின் படம். முகத்தைப் பார்த்ததும் அந்த ஆளுக்கே வாக்களிப்பதாகத் தோன்றும். எம்.கே. கட்சிக்கு நேராக அதன் தலைவரான முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமாவின் படம் இருந்தது. ஆனால் அவர் நாடாளுமன்ற வேட்பாளராக முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த மே 20ஆம் தேதியே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தக் கட்சியை ஆதரிக்கலாமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. சீட்டில் முகம் இருப்பதால் அவர் உறுப்பினர் ஆவார் என்று நினைத்திருந்தால், அந்தக் கணக்கு தப்பு.

ஆளைப் பார்த்து வாக்களிக்க வேண்டிய சீட்டு ஒன்று உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் டர்பன் மாநகராட்சியான ஈத்தெக்வினியின் வாக்காளருக்கு இரண்டு சீட்டு தருகிறார்கள்: ஒன்று வார்டு, ஒன்று கட்சி. மன்றத்தின் 222 இடங்களில் பாதி, அதாவது 111, வார்டு கவுன்சிலர்களுக்கு. வார்டு சீட்டில் ஆளின் குணம், உழைப்பு, கூப்பிட்டால் போன் எடுப்பாரா என்பதெல்லாம் முழுக்கப் பொருந்தும். "என் வார்டில் அந்தக் கட்சி ஜெயிக்காது, அதனால் வாக்கு வீண்" என்பதும் தவறு. ஒரு கட்சியின் மொத்த இடங்களைக் கணக்கிடும்போது இரண்டு சீட்டிலும் அதற்கு விழுந்த வாக்கைச் சேர்த்தே எண்ணுகிறார்கள். சுயேச்சைக்கு விழுந்த வார்டு வாக்கு மட்டும் அந்தக் கூட்டலில் சேராது.

யார் பொறுப்பு என்று பார்க்காமல் கைதட்டுவது

மேடை நகைச்சுவைக்கு ஒரு குற்றவாளி வேண்டும்; பெரும்பாலும் கவுன்சிலர் மாட்டிக்கொள்வார். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அதை வைத்து வாக்கை முடிவு செய்யக் கூடாது. குப்பை எடுப்பது, தெருவிளக்கு, வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் விநியோகிப்பது நகராட்சி வேலை. பள்ளிகளும், சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே.கான் போன்ற பொது மருத்துவமனைகளும் மாகாண அரசின் கீழ். அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை, எஸ்.ஏ.பி.எஸ். காவல்துறை ஆகியவை தேசிய அரசுடையவை. மெட்ரோ போலீஸ் நகராட்சியுடையது. சிலவற்றில் இரண்டு கை சேரும்: மின்சாரத்தைப் பெரும்பாலும் அரசு நிறுவனமான எஸ்காம் உற்பத்தி செய்கிறது, வீட்டுக்குக் கொண்டுவருவது நகராட்சி. மருத்துவமனை வரிசைக்காகக் கோபப்பட்டு வார்டு சீட்டில் ஒருவரைத் தண்டித்தால் வரிசை குறையாது.

பாதி எண்ணைக் கேட்டு முழு முடிவுக்கு வருவது

2024 முதல் காலாண்டில் வேலையின்மை 32.9 சதவீதம் என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் 41.9 என்பார். ஒருவர் பொய் சொல்கிறார் என்று நாம் சண்டைக்குப் போவோம். இரண்டுமே அரசுப் புள்ளிவிவர நிறுவனமான ஸ்டாட்ஸ் எஸ்.ஏ. வெளியிட்டவை, இரண்டுமே சரி. முதலாவதில் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் வருவார்கள். இரண்டாவதில் தேடித் தேடி அலுத்து நிறுத்தியவர்களும் சேருவார்கள். ஆளும் தரப்பு சின்ன எண்ணையும் எதிர்த்தரப்பு பெரிய எண்ணையும் எடுப்பது வழக்கம். ஒரு வருடத்தின் சின்ன எண்ணை அடுத்த வருடத்தின் பெரிய எண்ணோடு ஒப்பிட்டு "பார்த்தீர்களா ஏறிவிட்டது" என்று சொல்லும்போதுதான் அது ஏமாற்று.

தேர்தல் முடிவிலும் இப்படித்தான். 2024இல், அதுவரை நாட்டை ஆண்டுவந்த ஏ.என்.சி. கட்சி பெற்றது 40.18 சதவீதம், 1994க்குப் பின் முதல்முறையாகப் பெரும்பான்மை இழந்தது. அந்த 40, பதிவான வாக்கில் 40. பதிவு செய்த வாக்காளர்களில் வந்தவர்கள் 58.64 சதவீதம்தான். பதிவு செய்தவர்கள் எல்லாரையும் வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 23 ஆகிவிடும். "மக்களில் இத்தனை பேர்" என்று யாராவது தொடங்கினால், எந்த மக்கள், எத்தனை பேரில் என்று கேட்டுப் பழகுங்கள்.

பாடியதை ஆதரவு என்று எடுத்துக்கொள்வது

கட்சி மேடையில் பாடுவது பல கலைஞர்களுக்குத் தொழில்; சம்பளம் வாங்கிப் பாடிவிட்டுப் போவார்கள். ஆதரிக்கிறேன் என்று அவர் தம் வாயால், தம் பக்கத்தில் சொன்னாரா என்று பாருங்கள். அவர் வாயாலேயே சொல்வதுபோல் காணொளி வந்தாலும் இப்போது போதாது. 2024 தேர்தலுக்கு முன் அமெரிக்க ராப் பாடகர் எமினெம் இ.எஃப்.எஃப். கட்சியைப் புகழ்வதாக ஒரு காணொளியும், டொனால்ட் டிரம்ப் எம்.கே. கட்சிக்கு வாக்குக் கேட்பதாக இன்னொன்றும் சுற்றின. இரண்டும் போலி. உதட்டசைவு சொல்லோடு பொருந்துகிறதா, பேச்சில் மூச்சு வாங்கும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும், ஆனால் போலிகள் மாதாமாதம் மெருகேறுகின்றன. பேசியவரின் சொந்தப் பக்கத்திலோ, ஒன்றுக்கு மேற்பட்ட செய்தி நிறுவனங்களிலோ அது இருக்கிறதா என்று தேடுவதே நம்பகமான வழி. இல்லையென்றால் செய்திகளைச் சரிபார்க்கும் ஆஃப்ரிக்கா செக் தளத்தில் பாருங்கள். தேர்தல் தொடர்பான பொய்யை ரியல்411 தளத்தில் புகாராகவும் கொடுக்கலாம்.

குறை உண்மை என்பதால் சொல்பவரையும் நம்புவது

கெட்டிக்காரர்களும் விழும் குழி இது. 2016இல், அப்போதைய அதிபர் சூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனம் லண்டனைச் சேர்ந்த பெல் பாட்டிஞ்சர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தியது. "வெள்ளையர் ஏகபோக மூலதனம்" என்ற முழக்கம் சமூக ஊடகங்களில், போலிக் கணக்குகள் உட்படப் பல வாய்களிலிருந்து, திரும்பத் திரும்பக் கேட்டது. இந்த நாட்டில் நிலமும் செல்வமும் நிற ஆட்சியின் (அபார்ட்ஹைட்) கோடுகளின்படியே இன்னும் கிடக்கின்றன என்பது உண்மைக் குறை. அந்த உண்மைக் கோபத்தை, குப்தாக்கள் மீதான ஊழல் கேள்விகளிலிருந்து கவனத்தைத் திருப்பப் பயன்படுத்தினார்கள். 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்பு நிறுவனங்களின் சங்கம் அந்த நிறுவனத்தை வெளியேற்றியது. சில நாட்களில் நிறுவனமே சரிந்தது.

நம் குறைகளையும் யாராவது இப்படி எடுத்துப் பேசுவார்கள்: வேலை ஒதுக்கீடு, பாதுகாப்பு, பள்ளியில் தமிழ். கேட்டதும் மனசு உருகும். "சரிதான், குறை இருக்கிறது. இதற்கு நீங்கள் வைக்கும் வழி என்ன, அதற்குக் காசு எங்கிருந்து, இதைச் சொல்வதால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு உருகலாம்.

பயத்தில் அனுப்புவது

2021 ஜூலையில் சூமா சிறை சென்றதை அடுத்துக் குவாசுலு-நட்டாலிலும் கவுட்டெங்கிலும் கலவரம் மூண்டு 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டதாகக் காவல்துறை அமைச்சர் அறிவித்தார். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கடைகள் எரிந்ததும், தெருவைக் காக்க ஆளில்லாமல் மக்கள் தவித்ததும் நிஜம். அந்த இரவுகளில் "வருகிறார்கள், கிளம்பிவிட்டார்கள்" என்ற வாய்ஸ் நோட்டுகள் வீட்டுக்கு வீடு தாவியதும், தெருமுனையில் நின்றவர்களின் கையை அது எங்கே கொண்டுபோனது என்பதும் நிஜம். சொந்தமாக யோசிப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பயமுறுத்தும் குரல் வந்தால், முதலில் அதில் தெருப் பெயர், தேதி, நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். "இன்று ராத்திரி" என்பது எந்த ராத்திரி? பேசுபவர் கண்ணால் பார்த்தாரா, "என் தம்பியின் நண்பன் போலீஸில்" என்கிறாரா? வாட்சப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. முதலில் பேசியவரை அனுப்பியவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தத் தெருவில் இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்கும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பாட்டுக்காரிக்கு அரசியல் எதற்கு என்று தள்ளுவது

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபா 1963இல் ஐ.நா. குழுவின் முன் நின்று நிற ஆட்சியைப் பற்றிச் சாட்சி சொன்னார். அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது, இசைத்தட்டுகளைத் தடை செய்தது. 1990இல்தான் நாடு திரும்ப முடிந்தது. அவர் பேசியது தாம் வாழ்ந்து அறிந்த விஷயத்தை, விலை கொடுத்துப் பேசினார், சொன்னதை எவரும் சரிபார்க்க முடிந்தது. கலைஞர் என்பதால் அந்தச் சாட்சிக்கு எடை குறையவில்லை.

அதற்காக மக்கேபா எதைச் செய்தாலும் சரி என்றும் ஆகாது. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1985இல், நிற ஆட்சியை எதிர்த்து உலகக் கலைஞர்கள் தென்னாப்பிரிக்காவைத் தவிர்த்த பண்பாட்டுப் புறக்கணிப்பு நடப்பில் இருக்கும்போதே ஜோகன்னஸ்பர்க் வந்து இங்குள்ள கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்தார். 1987இல் மக்கேபாவும் தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர் ஹியூ மசெகேலாவும் அவரோடு மேடையேறினார்கள். லண்டனில் நிற ஆட்சியை எதிர்த்த மற்றக் கலைஞர்கள் அதே நிகழ்ச்சிக்கு எதிராகப் போராடினார்கள். இருபக்கமும் மனசாட்சி உள்ளவர்கள். கறுப்பினக் கலைஞர்களுக்கு உலக மேடை கிடைத்தது பெரிதா, புறக்கணிப்பு ஓட்டையானது பெரிதா என்பதை அவரவர் காரணங்களைப் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மக்கேபாவின் பெயர் அதைத் தீர்த்துவைக்காது.

தவறு தெரிந்தபின் சும்மா இருப்பது

அனுப்பியது பொய் என்று தெரிந்தால் இரண்டு நாளுக்குள் எல்லாருக்குமாக அழித்துவிட வாட்சப்பில் வழி இருக்கிறது. அழித்தால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். எந்தெந்தக் குழுவில் போட்டீர்களோ அங்கெல்லாம் "காலையில் நான் போட்டது தவறு, சரியான செய்தி இது" என்று ஒரு வரி எழுதுங்கள். அனுப்பியவர் பெரியவர் என்றால் குடும்பக் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம். "மாமா, நீங்க போட்ட வீடியோ எப்போ எடுத்தது தெரியுமா? நான் தேடினேன், பழசு போல இருக்கு" என்று தனியாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் அவர்களாகவே எடுத்துவிடுவார்கள். அப்படியே அவருடைய வாக்காளர் பதிவு எந்த வாக்குச்சாவடியில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்: அடையாள எண்ணை 32810க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதில் வரும், கட்டணம் ஒரு ராண்ட்.