மண்ணும் பருவமும் அறிந்து புல்தரை வளர்த்தல்

புல்தரை மஞ்சளிக்கத் தொடங்கியதும் பலருடைய கை முதலில் உரப் பையைத்தான் தேடுகிறது. பெரும்பாலும் குறை உரத்தில் இருப்பதில்லை. இடத்துக்குப் பொருந்தாத புல்லை நட்டதிலோ, மண்ணின் இயல்பு அறியாமல் நீர் பாய்ச்சியதிலோ இருக்கும்.

புல் வகைகளை வெப்பப் பருவப் புற்கள், குளிர் பருவப் புற்கள் என இரண்டாகப் பிரிப்பார்கள். அருகம்புல் இனமான பெர்முடா, கொரியன் புல் எனப்படும் சோய்சியா, அகன்ற இலை கொண்ட செயின்ட் அகஸ்டின் ஆகியவை 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செழித்து வளரும். குளிர் மிகுந்தால் பழுப்பேறி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். ஃபெஸ்க்யூ, ரை, புளூகிராஸ் போன்றவை 15 முதல் 24 டிகிரி வரை நன்கு வளர்ந்து, கடுங்கோடையில் சோர்ந்துவிடும். விதைப் பையிலுள்ள படத்தின் பசுமையில் மயங்கி, வெப்பமான இடத்தில் குளிர் பருவப் புல்லை விதைத்தவர் பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் அதைத் தேற்றுவது கடினம். நிழலையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெர்முடாவுக்கு நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. செயின்ட் அகஸ்டின் ஓரளவு நிழலைத் தாங்கும். அடர்ந்த மரத்தடியில் எந்தப் புல்லும் நிலைக்கவில்லை என்றால், அந்த இடத்தை நிழல் தாங்கும் செடிகளுக்கு விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து மண். தரையில் நான்கைந்து இடங்களில் 10 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு இட்டு, நீரூற்றி நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் சில நிமிடங்களில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி படிவதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அதுவரை நீர் கலங்கலாகவே நிற்கும். எந்த அடுக்கு தடித்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே மண்ணின் தன்மை விளங்கிவிடும். மீதி மண்ணை ஆய்வகத்தில் கொடுத்தால் அமில காரநிலை (pH) தெரியவரும். பெரும்பாலான புற்களுக்கு 6 முதல் 7 வரை ஏற்றது. அமில மண்ணைச் சுண்ணாம்பு திருத்தும், ஆனால் ஆய்வு முடிவைப் பாராமல் அதைத் தூவக் கூடாது. இறுகிய களிமண் எதுவானாலும் ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சோடியம் மிகுந்த களர் மண்ணையே சீராக்கும். மற்றக் களிமண்ணுக்கு நன்கு மக்கிய தொழு உரம்தான் கைகொடுக்கும்.

நீர் பாய்ச்சுவதில்தான் பிழைகள் அதிகம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இரண்டு நாள் வெயிலடித்தால் புல் வாடிவிடும். வளரும் பருவத்தில் மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர் நீர் போதுமானது. தெளிப்பான் சுற்றும் பரப்பில் நேர்ச்சுவருள்ள சில தகரக் குவளைகளை வைத்து, கால் மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் சேர்கிறது என்று அளவுகோலால் அளந்துகொண்டால், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது கணக்காகிவிடும். மணற்பாங்கான மண் நீரைத் தேக்கி வைக்காது. ஆகையால் அந்த அளவை இரண்டு மூன்று தவணைகளாக வாரத்தில் பிரித்து விட வேண்டும். களிமண் மெதுவாகவே உறிஞ்சும். நீர் வழிந்தோடத் தொடங்கியதும் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து மீண்டும் தொடர வேண்டும். மிதித்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடந்து, இலை நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டினால், அதுவே நீர் கேட்கும் அறிகுறி. அதிகாலையே சிறந்த வேளை. மாலையில் விட்டால் இலை இரவெல்லாம் ஈரமாக இருந்து பூஞ்சை நோய்க்கு இடம் கொடுக்கும்.

வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கக் கூடாது. பெர்முடாவை 2.5 முதல் 4 செ.மீ. வரையும், செயின்ட் அகஸ்டினை 6 முதல் 9 செ.மீ. வரையும் நிறுத்தலாம். அலகு மழுங்கியிருந்தால் இலை நுனி கிழிந்து வெளுத்துவிடும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டுவிடுங்கள். அவை மக்கித் தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணுக்கே திருப்பித் தரும்.

உரத்தைப் புல் வளரும் பருவத்தில் மட்டுமே இட வேண்டும். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்துக்கு மிகாமல் இருப்பது பாதுகாப்பானது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் 20 சதுர மீட்டர் தரைக்கு ஏறத்தாழ 220 கிராம் வரும். அதை இரு பாதியாக்கி, ஒன்றை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்காகவும் தூவி உடனே நீர் விட்டால் திட்டுத்திட்டாகக் கருகாது. முதிர்ந்த இலை முதலில் வெளிறினால் அது தழைச்சத்துக் குறை. இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். கார மண்ணில் இது சகஜம், அங்கே யூரியாவை அள்ளிப் போட்டுப் பயனில்லை.

இறுகிய தரையில் புல் விரைந்து வளரும் காலத்தில், மண்ணைக் குச்சி குச்சியாகப் பெயர்த்தெடுக்கும் கருவியால் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, மேலே மக்கிய உரத்தை மெல்லப் பரப்ப வேண்டும். கோரை முளைத்திருந்தால் மண் ஈரமாக இருக்கும்போதே கிழங்கோடு தோண்டி எடுங்கள். தாளை மட்டும் பிடுங்கினால் கிழங்கிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிடும்.